செக்கு எண்ணெய் பாட்டில் போடப் போகிறீர்களா? முதலில் மில்லிலிட்டர் கணக்கு

சொந்தமாக மரச்செக்கு வைத்தோ, தெரிந்த செக்கில் கூலிக்கு ஆட்டியோ, எண்ணெயைப் பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்குவோருக்கான கட்டுரை இது. எந்த மரத்தில் செக்கு செய்வது, எந்த எள் நல்லது என்பதெல்லாம் சொல்லித்தர ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். லிட்டர், மில்லிலிட்டர், கிலோ ஆகிய மூன்றும் மோதிக்கொள்ளும் இடத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. லாபம் ஒழுகும் ஓட்டை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. தராசையும் அளவைகளையும் சரிபார்க்கும் முத்திரை ஆய்வாளர் கேள்வி கேட்கும் இடமும் அதுதான்.

உணவுப் பதிவு, கருவி, பாட்டில், அளவு, லேபிள் என்ற வரிசையிலேயே செய்யுங்கள். லேபிளை முதலில் அச்சடித்துவிட்டு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்குகிறவர்களே அதிகம். அப்படி அச்சடித்த லேபிள்கள் மூட்டையாகக் கிடப்பதைப் பல செக்குகளில் பார்க்கலாம்.

1. கணக்குப் புத்தகத்துக்கு ஒரே அலகு

எண்ணெய் வியாபாரத்தில் கண்ணில் படும் கொள்ளளவு அலகுகள் இவ்வளவுதான்:

1 லிட்டர் = 1000 மி.லி.
1 சென்டிலிட்டர் = 10 மி.லி.
1 டெசிலிட்டர் = 100 மி.லி.
1 கிலோலிட்டர் = 1000 லிட்டர் = 1 கனமீட்டர்
1 மி.லி. = 1 கன சென்டிமீட்டர் (கடைக்காரர்கள் 'சிசி' என்பார்கள்)

எல்லாமே பத்தின் மடங்குகள் என்பதால் புள்ளியை நகர்த்தினால் போதும். லிட்டரை மில்லிலிட்டராக்க மூன்று இடம் வலப்பக்கம். மில்லிலிட்டரை லிட்டராக்க மூன்று இடம் இடப்பக்கம். கேட்கும்போது எளிது. ஆனால் சுழியம் நடுவில் வரும்போது கை தடுமாறும். 0.5 லிட்டர் என்றால் 500 மி.லி.; 0.05 லிட்டர் என்றால் 50 மி.லி. மட்டுமே. "ஒரு லிட்டர் ஐம்பது" என்று வாயால் சொன்னதை ஒருவர் 1.50 என்று எழுதிவிடுவார். அது ஒன்றரை லிட்டர். சரியான எண் 1.05. பில் போடும் மென்பொருளில் இந்த ஒரு பிழை விழுந்தால் மாதக் கடைசியில் 450 மி.லி. எங்கே போனது என்று பீப்பாய்க்குப் பீப்பாய் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஆகவே இருப்புப் புத்தகத்தில் எல்லாவற்றையும் மில்லிலிட்டரிலேயே எழுதுங்கள். 5 லிட்டர் கேன் 5000. 200 மி.லி. பாட்டில் 200. பீப்பாயில் இருப்பது 1,97,150. எண்கள் நீளமாகத் தெரியும், இருக்கட்டும். புள்ளியே இல்லாத எண்ணில் புள்ளி இடம் மாறாது.

சென்டிலிட்டரும் டெசிலிட்டரும் நம் பக்கம் அதிகம் புழங்குவதில்லை. வெளிநாட்டு வடிவக் கண்ணாடிப் பாட்டில்களின் அடியில் 75 என்ற எண்ணும் சென்டிலிட்டர் குறியும் இருக்கும். அது 750 மி.லி. கொள்ளும். அதைப் பார்த்து 75 மி.லி. பாட்டில் என்று யாரும் ஏமாற மாட்டார்கள். ஆனால் இணையத்தில் படத்தை மட்டும் பார்த்து வாங்கும்போது 25 சென்டிலிட்டர், 10 சென்டிலிட்டர் பாட்டில்களில் குழப்பம் வரும்.

2. தொட்டியையும் பீப்பாயையும் அளந்து வைத்தல்

எண்ணெய் தெளிய வைக்கும் எவர்சில்வர் தொட்டி செய்யக் கொடுக்கும்போது "300 லிட்டர் தொட்டி" என்று மட்டும் சொல்லாதீர்கள். உள்ளளவைச் சென்டிமீட்டரில் கேளுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். 100 × 60 × 50 = 3,00,000 கன செ.மீ.; அதாவது 300 லிட்டர், அல்லது 0.3 கனமீட்டர். விளிம்பு வரை யாரும் நிரப்ப முடியாது என்பதால் பயன்படுவது அதைவிடக் குறைவு. பட்டறையில் அங்குலத்தில் பேசினால் 2.54 ஆல் பெருக்கிச் சென்டிமீட்டராக்கிய பிறகே கணக்குப் போடுங்கள்.

உருளைப் பீப்பாய்க்கு ஆரத்தை ஆரத்தால் பெருக்கி, 3.1416 ஆல் பெருக்கி, உயரத்தால் பெருக்க வேண்டும். உள்விட்டம் 60 செ.மீ. உள்ள பீப்பாயில் ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரத்துக்கும் சுமார் 2.83 லிட்டர் இருக்கும். ஓர் எவர்சில்வர் பட்டையில் சென்டிமீட்டர் கோடு போட்டு உள்ளே விட்டுப் பார்த்தால் இருப்பு தெரிந்துவிடும். இது உங்கள் உள்கணக்குக்கு மட்டும். இதை வைத்து யாருக்கும் விற்கக் கூடாது.

3. கிலோவும் லிட்டரும்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

செக்கிலிருந்து எண்ணெய் பெரும்பாலும் எடையில் வருகிறது. கொப்பரையும் நிலக்கடலைப் பருப்பும் எள்ளும் கிலோ. புண்ணாக்கும் கிலோ. ஆட்டிய எண்ணெயையும் தராசில்தான் வைக்கிறார்கள். வாடிக்கையாளரோ லிட்டரில் கேட்கிறார். தண்ணீருக்கு ஒரு லிட்டர் ஏறத்தாழ ஒரு கிலோ என்பதால் எண்ணெய்க்கும் அப்படியே என்று மனம் நினைத்துக்கொள்கிறது. எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றும் நம் ஊர் வெப்பத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 910 முதல் 920 கிராம் வரை எடையுள்ளவை. கடைப் பாக்கெட்டுகளில் '1 லிட்டர், 910 கிராம்' என்று பார்த்திருப்பீர்கள். விளக்குக்கு விற்கும் ஆமணக்கெண்ணெய் மட்டும் அடர்த்தி கூடியது; லிட்டருக்கு 950 கிராமைத் தாண்டும். அதற்குத் தனிக் கணக்கு வையுங்கள்.

விதி இரண்டே வரி. 0.91 என்று வைத்துக்கொண்டால்:

கிலோவை லிட்டராக்க 0.91 ஆல் வகுக்க வேண்டும்.
லிட்டரைக் கிலோவாக்க 0.91 ஆல் பெருக்க வேண்டும்.

எதை எங்கே செய்வது என்று மறந்துபோனால், எண்ணெயில் லிட்டர் எண் எப்போதும் கிலோ எண்ணைவிடப் பெரிதாக இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். 15 கிலோ என்றால் 16.48 லிட்டர். 15 லிட்டர் என்றால் 13.65 கிலோ. விடை இதற்கு மாறாக வந்தால் பெருக்கலும் வகுத்தலும் இடம் மாறியிருக்கின்றன.

விலையில் இது தலைகீழாகும். கிலோ 300 ரூபாய் என்றால் லிட்டர் 273 ரூபாய்தான். லிட்டர் 300 ரூபாய் என்றால் கிலோ ஏறத்தாழ 329.70 ரூபாய். மொத்தமாக எண்ணெய் வாங்கி அடைப்பவர்களுக்கு இங்கேதான் பொறி. "டின் 4,500 ரூபாய்" என்று இரண்டு பேர் சொல்வார்கள். ஒருவர் தருவது 15 கிலோ டின், மற்றவர் தருவது 15 லிட்டர் டின். டின்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் வித்தியாசம். வாங்கும் முன் "கிலோவா, லிட்டரா?" என்று கேட்டு, பில்லிலும் அந்தச் சொல்லை எழுதி வாங்குங்கள். "15" என்று மட்டும் எழுதித் தருபவரிடம் இரண்டாம் முறை வாங்க வேண்டாம் என்பது என் தனிப்பட்ட கொள்கை.

0.91 என்பது கடைப் பேச்சுக்குப் போதும். பாட்டில் நிரப்பப் போதாது. உங்கள் எண்ணெய்க்கு உரிய எண்ணை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். முத்திரையிட்ட ஒரு லிட்டர் அளவையை நன்றாகத் துடைத்து உலர்த்தித் தராசில் வைத்து, தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். எண்ணெயை அளவைக்குச் சரியாக ஊற்றி, நுரை அடங்கும் வரை காத்திருந்து எடையைப் பாருங்கள். 913 கிராம் என்று வந்தால் உங்கள் அடர்த்தி எண் 0.913. ஒவ்வொரு வகை எண்ணெய்க்கும் இதைச் செய்யுங்கள். விடியற்காலையில் ஒரு முறையும் மதியம் ஒரு முறையும் எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது.

4. வெயில் செய்யும் வேலை

எண்ணெய் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். பத்து டிகிரி செல்சியஸ் ஏறினால் ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 7 மி.லி. விரிகிறது. சித்திரை மாதத்து மதியத்தில், தகரக் கூரைக்குக் கீழே சரியாக ஒரு லிட்டர் கோட்டுக்கு நிரப்பிய பாட்டில், மார்கழிக் காலையில் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கும். எண்ணெய் எங்கும் போகவில்லை. ஆனால் வாங்கியவர் ஒப்புக்கொள்வாரா?

இதையே சிலர் பெரிய அளவில் ஆதாயமாக்கினார்கள். '60 டிகிரியில் ஒரு லிட்டர்' என்று பாக்கெட்டில் அச்சடித்தால் எண்ணெய் குறைவாகவே உள்ளே போகும். ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஆகஸ்டில் வெளியிட்ட அறிவுறுத்தலில் சோயா எண்ணெயை எடுத்துக்காட்டாகச் சொன்னது: 21 டிகிரியில் 919 கிராம் இருக்கும் அளவு, 60 டிகிரியில் 892.6 கிராம்தான். அதனால் வெப்பநிலையைக் குறிப்பிடாமல் கொள்ளளவைச் சொல்ல வேண்டும், கூடவே எடையையும் சொல்ல வேண்டும் என்று கூறி, மாற்றிக்கொள்ள 2023 ஜனவரி 15 வரை அவகாசம் தந்தது. உங்கள் லேபிளிலும் இரண்டும் வேண்டும்.

எனவே எடை பார்த்து நிரப்புங்கள். கோடு பார்த்து நிரப்ப வேண்டாம். எடை வெயிலுக்கு மாறாது.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. லேபிளில் '1 லிட்டர், 910 கிராம்' என்று போட்டுவிட்டுச் சரியாக 910 கிராம் நிரப்பினால் சரிதானே என்று தோன்றும். உங்கள் எண் 0.913 என்றால் 910 கிராம் எண்ணெய் 996.7 மி.லி. மட்டுமே. எடை சரி, கொள்ளளவில் 3.3 மி.லி. குறைவு. இரண்டையும் அறிவித்தால் இரண்டும் நிறைவேற வேண்டும். விடியற்காலையில் எடுத்த எண்ணையே நிரப்பும் எடையாக வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் இரண்டில் பெரியது. அதற்கு மேல் இரண்டு மூன்று கிராம் கூட்டிக்கொள்ளுங்கள். காலை எண் 0.915 என்றால் லிட்டர் பாட்டிலுக்கு 917 அல்லது 918 கிராம், அரை லிட்டருக்கு 459, 200 மி.லி.க்கு 184. ஒரு தாளில் பெரிதாக எழுதித் தராசுக்கு மேல் ஒட்டிவிட்டால், நிரப்புகிறவருக்குக் கணக்கே தேவையில்லை.

தேங்காய் எண்ணெய்க்கு மட்டும் தனி எச்சரிக்கை. அது ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழி, தை மாதங்களில் கோவைப் பக்கமும் மலையடிவார ஊர்களிலும் காலையில் பீப்பாயின் அடி கெட்டிப்பட்டிருக்கும். பாதி உறைந்த எண்ணெயில் அடர்த்தி எண் எடுக்காதீர்கள், பாட்டிலும் நிரப்பாதீர்கள். வெயிலில் வைத்து முழுதும் இளகிய பிறகே தொடுங்கள். பீப்பாயின் மேல்பகுதி மட்டும் இளகியிருக்கும்போது நிரப்பினால் கசடு முழுவதும் கடைசிப் பாட்டில்களில் சேரும்.

5. தராசும் அளவையும்: முத்திரை

கடையில் கிடைக்கும் கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை சமையலுக்கு. அதை வைத்து வியாபாரம் செய்யக் கூடாது. சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009-இன்படி விற்பனைக்குப் பயன்படும் அளவையும் தராசும் சரிபார்க்கப்பட்டு முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்த வேலை தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. உங்கள் வட்டாரத்தின் முத்திரை ஆய்வாளரிடம் போக வேண்டும்.

எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை மறுமுத்திரை. உலோகக் கொள்ளளவு அளவைகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. இடையில் தராசு பழுதாகித் திறந்து சரிசெய்தால், தவணை வரவில்லை என்றாலும் மறுபடி முத்திரை வாங்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இதைத்தான். கட்டணம் தராசின் கொள்திறனைப் பொறுத்தது. ரசீதும் சான்றிதழும் கேட்டு வாங்கி, சான்றிதழைப் பார்வைபடும் இடத்தில் மாட்டுங்கள்.

தராசு வாங்கும்போது இரண்டு எண்களைக் கேளுங்கள்: அதிகபட்ச எடை எவ்வளவு, எத்தனை கிராம் வித்தியாசத்தைக் காட்டும். 30 கிலோ தாங்கும் கடைத் தராசு 5 கிராம் படியில்தான் நகரும் என்றால் அதில் 200 மி.லி. பாட்டில் நிரப்ப முடியாது. நிரப்புவதற்கு ஒரு கிராம் படியில் காட்டும் சிறிய தராசு தனியாக வேண்டும். மூலப்பொருளுக்குப் பெரிய தராசு, பாட்டிலுக்குச் சின்னத் தராசு என்று இரண்டுக்கும் சேர்த்தே முதலீட்டில் பணம் ஒதுக்குங்கள். முத்திரையோடு விற்கும் உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்கினால் முதல் அலைச்சல் மிச்சம்.

6. பாட்டில் வாங்கும் இடம்

பிளாஸ்டிக் பாட்டில் விற்பவர்களின் பேச்சில் இரண்டு எண்கள் கலந்து வரும். "அரை லிட்டர், 28 கிராம்" என்பார்கள். அந்தக் கிராம் பாட்டில் செய்யப் பயன்பட்ட பிளாஸ்டிக்கின் எடை. எண்ணெய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. கிராம் குறைந்தால் பாட்டில் மெலிதாகும், லாரியில் நசுங்கும்.

கொள்ளளவிலும் இரண்டு உண்டு. ஒன்று பாட்டிலுக்குச் சொல்லப்படும் அளவு. மற்றது வாய் வழிய நிரம்பினால் கொள்ளும் அளவு. சிலர் இரண்டாவதைச் சொல்லி விற்பார்கள். வாய் வரை நிரப்பினால்தான் ஒரு லிட்டர் வரும் என்ற பாட்டிலில் எண்ணெயை அடைத்தால் வெயிலில் விரிந்து மூடி வழியே கசியும், லேபிள் எண்ணெயில் ஊறிப் பெயரும். மாதிரிக்கு நான்கைந்து பாட்டில் கேட்டு வாங்கித் தண்ணீரால் சோதியுங்கள். காலிப் பாட்டிலைத் தராசில் வைத்துச் சுழியமாக்கி, வாய் வழியத் தண்ணீர் ஊற்றி எடை பாருங்கள். ஒரு கிராம் தண்ணீர் ஒரு மி.லி. என்று வைத்துக்கொள்ளலாம், நம் ஊர் வெப்பத்தில் லிட்டருக்கு நான்கைந்து மி.லி. வித்தியாசம் வரும், இந்தச் சோதனைக்கு அது பொருட்டில்லை. லிட்டர் பாட்டில் 1030 மி.லி.க்கு மேல் கொண்டால் எடுத்துக்கொள்ளுங்கள். 1005 என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மிகப் பெரிய பாட்டிலும் தொல்லைதான். ஒரு லிட்டரைச் சரியாக ஊற்றியும் கழுத்துக்குக் கீழே நின்றால், வாங்குகிறவர் கடையிலேயே குறை சொல்வார். தராசைக் காட்டி விளக்க ஒவ்வொரு கடைக்கும் நீங்கள் போக முடியாது.

சோதித்த பாட்டிலை எண்ணெய்க்குப் பயன்படுத்தாதீர்கள். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் எண்ணெய் சீக்கிரம் கெட்டுவிடும்.

7. லேபிளில் அளவை எழுதும் முறை

பொட்டலப் பொருள்கள் விதிகள், 2011-இன்படி லேபிளில் இருக்க வேண்டியவை: தயாரிப்பாளர் அல்லது அடைப்பவரின் பெயரும் முழு முகவரியும், பொருளின் பெயர், நிகர அளவு, தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச சில்லறை விலை, ஓர் அலகின் விலை, புகார் தெரிவிக்கத் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும். இவற்றோடு உணவுச் சட்டம் கேட்பவை தனி: 14 இலக்கப் பதிவு எண், பச்சைச் சைவக் குறி, தொகுதி (பேட்ச்) எண், எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற குறிப்பு, ஊட்டச்சத்து விவரம்.

நிகர அளவில் வரும் பிழைகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஒரு லிட்டருக்குக் குறைந்தால் மில்லிலிட்டரில் எழுதுங்கள். '0.5 லிட்டர்' வேண்டாம், '500 மி.லி.' என்று போடுங்கள். ஒரு லிட்டரும் அதற்கு மேலும் லிட்டரில். கிராமுக்கும் கிலோவுக்கும் இதே முறை.

ஆங்கில எழுத்தில் குறியீடு போடும்போது மில்லி என்பதற்குச் சின்ன எம். பெரிய எம் போட்டால் அது மெகாலிட்டர், அதாவது பத்து லட்சம் லிட்டர். லிட்டருக்கு எல்-டி-ஆர் என்றும் கிராமுக்கு ஜி-எம்-எஸ் என்றும் போடும் பழக்கம் நம் அச்சகங்களில் ஊறிப்போயிருக்கிறது. இரண்டும் முறையான குறியீடுகள் அல்ல; எல், ஜி என்ற ஒற்றை எழுத்துகள் போதும். அச்சகத்தார் "எல்லாரும் இப்படித்தான் போடுகிறார்கள்" என்பார். அபராதத்தை அவர் கட்டப் போவதில்லை.

'ஏறத்தாழ', 'குறைந்தது', 'சராசரி' போன்ற சொற்களை நிகர அளவோடு சேர்க்கக் கூடாது.

இன்னொன்று, தமிழில் மட்டும் லேபிள் அடித்தால் போதாது. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது விதி. கூடுதலாகத் தமிழிலும் போடலாம். தாராளமாகப் போடுங்கள். ஆனால் இரண்டுக்கும் இடம் ஒதுக்கி லேபிளின் அளவை முதலிலேயே முடிவு செய்யுங்கள். 100 மி.லி. பாட்டிலில் இடம் போதாமல் திண்டாடுவீர்கள்.

ஓர் அலகின் விலை இப்படி: ஒரு லிட்டருக்குக் குறைந்த பாட்டிலுக்கு ஒரு மி.லி.யின் விலை, அதற்கு மேற்பட்டதற்கு ஒரு லிட்டரின் விலை, இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கி. 500 மி.லி. 185 ரூபாய் என்றால் மி.லி.க்கு 0.37 ரூபாய். 200 மி.லி. 86 ரூபாய் என்றால் 0.43. 5 லிட்டர் கேன் 1,750 என்றால் லிட்டருக்கு 350. ஒரு லிட்டர் பாட்டிலுக்கு விலையும் அலகு விலையும் ஒன்றே என்பதால் தனியாகப் போட வேண்டியதில்லை. விலையை மாற்றும்போது அதிகபட்ச விலையை மட்டும் மாற்றிவிட்டு அலகு விலையைப் பழையபடி விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. இரண்டையும் ஒரே கட்டத்தில் முத்திரை குத்தும்படி லேபிளில் வெற்றிடம் விடுங்கள்.

8. எவ்வளவு குறையலாம்?

ஒரு பாட்டிலில் அதிகபட்சம் எவ்வளவு குறைந்தால் பிழையாகாது என்று விதிகளின் முதல் அட்டவணை சொல்கிறது. நமக்கு வேண்டியவை மட்டும்: 50-க்கு மேல் 100 மி.லி. வரை 4.5 மி.லி.; 100-க்கு மேல் 200 வரை அறிவித்த அளவில் 4.5 சதவீதம், 300-க்கு மேல் 500 வரை 3 சதவீதம், 500-க்கு மேல் 1000 வரை 15 மி.லி.; 1 லிட்டருக்கு மேல் 10 லிட்டர் வரை 1.5 சதவீதம். அப்படியானால் 200 மி.லி. பாட்டிலுக்கு 9, 500-க்கு 15, லிட்டருக்கும் 15, ஐந்து லிட்டர் கேனுக்கு 75 மி.லி.

"லிட்டருக்கு 15 மி.லி. குறைக்கலாமாம்" என்று இதைச் சலுகையாகச் சொல்லித்தரும் அறிவாளிகள் உண்டு. காது கொடுக்காதீர்கள். இது தனிப் பாட்டிலில் தற்செயலாக வரும் ஏற்ற இறக்கத்துக்கு மட்டும். ஆய்வில் பல பாட்டில்களை எடுத்து நிறுப்பார்கள். அவற்றின் சராசரி அறிவித்த அளவைவிடக் குறையக் கூடாது. எல்லாப் பாட்டிலிலும் 10 மி.லி. குறைத்தால் ஒவ்வொன்றும் தப்பும், சராசரி மாட்டிக்கொள்ளும்.

நிரப்பும் நாளில் பத்துப் பாட்டிலை மூடியோடு எடுத்து நிறுத்து, காலிப் பாட்டிலின் எடையைக் கழித்து, தொகுதி எண்ணோடு எழுதி வையுங்கள். பாட்டில், மூடி, லேபிள் மூன்றின் எடையையும் கழிக்க வேண்டும். லேபிளை விட்டுவிட்டால் கணக்கில் ஒன்றிரண்டு கிராம் போலியாகக் கூடும்.

9. பதிவுகள், கட்டணம், கால வரிசை

முதலில் உணவுப் பாதுகாப்புப் பதிவு. சமையல் எண்ணெயைத் திறந்த பாத்திரத்திலிருந்து சில்லறையாக ஊற்றி விற்கக் கூடாது, அடைத்து லேபிளிட்டே விற்க வேண்டும் என்பது பொது விதி. ஆகவே வீட்டில் ஆட்டி அக்கம்பக்கத்துக்கு விற்பவருக்கும் இது பொருந்தும். சிறு உற்பத்தியாளர் பதிவுக்கு, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்கோஸ் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். புகைப்படம், அடையாளச் சான்று, இடத்துக்கான சான்று ஆகியவை வேண்டும். வாடகை இடம் என்றால் ஒப்பந்தமும் வையுங்கள். சிறு பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய் என்பது பழகிய கட்டணம். விற்றுமுதல் வரம்பு, கட்டணம் இரண்டையும் விண்ணப்பிக்கும் நாளில் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இடைத்தரகர்கள் இதற்குப் பல மடங்கு கேட்பார்கள். உற்பத்தித் திறன் கேட்கும் கட்டத்தில் அலகைக் கவனியுங்கள்: டன்னில் கேட்டால் நாளுக்கு 60 கிலோ என்பது 0.06. அங்கே 60 என்று போட்டால் நீங்கள் பெரிய ஆலை ஆகிவிடுவீர்கள், உரிம வகையே மாறிவிடும்.

அடுத்தது தராசு முத்திரை. பிறகு பாட்டில் சோதனை, அடர்த்தி எண். அதன் பிறகே லேபிள். அச்சகங்கள் ஆயிரக்கணக்கில்தான் எடுத்துக்கொள்ளும் என்பதால் முதல் முறை குறைந்த எண்ணிக்கையில், சற்றுக் கூடுதல் விலைக்கு அச்சடிப்பது நல்லது. உங்கள் முகவரியும் பதிவு எண்ணும் முடிவாகாமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

பொட்டலமிடுபவர் பதிவு என்று இன்னொன்று இருக்கிறது. பொட்டலப் பொருள்கள் விதிகளில் விதி 27-இன்படி, அடைக்கத் தொடங்கிய 90 நாளுக்குள் சட்டமுறை எடையளவுக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு விண்ணப்பிக்க வேண்டும்; கட்டணம் 500 ரூபாய். உணவுப் பதிவு கிடைத்ததும் இதுவும் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு துறைகள். 90 நாள் இருக்கிறதே என்று தள்ளிப்போடாமல், முதல் லேபிள் மாதிரி கைக்கு வந்த வாரத்திலேயே விண்ணப்பியுங்கள்.

10. மாதக் கடைசிச் சரிபார்ப்பு

ஓர் எடுத்துக்காட்டு. செக்கிலிருந்து 180 கிலோ கடலை எண்ணெய் வந்தது. உங்கள் அடர்த்தி எண் 0.913. 180 ÷ 0.913 = 197.15 லிட்டர், புத்தகத்தில் 1,97,150 மி.லி.

நிரப்பியது: லிட்டர் பாட்டில் 120, அரை லிட்டர் 110, 200 மி.லி. 85. அதாவது 1,20,000 + 55,000 + 17,000 = 1,92,000 மி.லி. வித்தியாசம் 5,150 மி.லி.

இதில் எண்ணெய் திருடு போனதாக யாரையும் சந்தேகிக்கும் முன், வேண்டுமென்றே கூட்டி நிரப்பியதைக் கழியுங்கள். லிட்டர் பாட்டிலுக்கு 3, அரை லிட்டருக்கு 2, சின்னதற்கு 1 மி.லி. என்றால் 360 + 220 + 85 = 665 மி.லி. மீதி நாலரை லிட்டர் அடியில் தங்கிய கசடு, வடிகட்டும் துணி குடித்தது, மாதிரிக்குக் கொடுத்தது. கசடை எடை போட்டு எழுதினால் இந்த எண்ணும் தெளிவாகும். அது தெளிந்த எண்ணெயைவிடக் கனமானது என்பதால் 0.913 ஆல் வகுக்காமல் கிலோவிலேயே தனிப் பத்தியில் வையுங்கள். சில மாதங்கள் எழுதினால் உங்கள் செக்குக்கு வழக்கமான இழப்பு நூற்றுக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஒரு மாதம் அது திடீரென்று கூடினால் முதலில் தராசைப் பாருங்கள், பிறகு பில் புத்தகத்தில் 1.05, 1.50 வரிகளைப் பாருங்கள், அதற்குப் பிறகு பீப்பாய்க் குழாயின் அடியில் விரலை வைத்துப் பாருங்கள்.